தட்டைப் பிடிக்கும் சங்கிலி: டிஸ்க் கோல்ஃபின் தந்தை எட் ஹெட்ரிக்கின் கதை!

சாயங்காலம் பெசன்ட் நகர் பீச் பக்கம் போனால், ஃபிரிஸ்பீ வீசி விளையாடும் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். அந்தத் தட்டு தள்ளாடாமல் நேராகப் பறப்பதற்குப் பின்னால் ஓர் அமெரிக்கர் இருக்கிறார். அவர்தான் எட் ஹெட்ரிக். தட்டோடு நின்றுவிடாமல், அதை வைத்து டிஸ்க் கோல்ஃப் என்ற ஆட்டத்தையே உருவாக்கியவர்.

பொம்மை விளையாட்டுப் பொருளானது

1924-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த ஹெட்ரிக், 1964-ல் வாம்-ஓ என்ற பொம்மை கம்பெனியில் சேர்ந்தார். ஃபிரிஸ்பீ அங்கே ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. ஆனால் அது வெறும் குழந்தைகள் பொம்மை. வேகமாக வீசினால் ஆட்டம் காணும்.

ஹெட்ரிக் அதன் வடிவத்தை மாற்றினார். மேற்பரப்பில் வட்ட வட்டமாக மெல்லிய வரிகளைச் சேர்த்தார். தட்டு நிலையாகப் பறக்க ஆரம்பித்தது. 1967-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

கம்பத்தில் பட்டுச்சா, படலையா?

1975-ல் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே ஓக் க்ரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்தார். ஆட்டம் எளிமையானது. கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் தட்டு. குறைந்த வீச்சுகளில் இலக்கை அடைபவர் ஜெயிப்பார்.

அப்போது இலக்கு என்பது தரையில் நட்ட கம்பம் மட்டுமே. பிரச்சினை அங்கேதான் வந்தது. தட்டு கம்பத்தை லேசாக உரசிப் போனால், பட்டதா இல்லையா என்று யார் சொல்வது?

ஹெட்ரிக்கும் அவர் மகனும் சேர்ந்து தீர்வு தேடினார்கள். கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கூடை வைத்தார்கள். தட்டு மோதினால் சங்கிலி அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும், தட்டு கூடையில் விழும். விழுந்தால் கணக்கு, இல்லையென்றால் இல்லை. இனி வாக்குவாதத்துக்கே வேலையில்லை. 1977-ல் இதற்கும் காப்புரிமை கிடைத்தது.

இதற்காக வாம்-ஓ வேலையையே விட்டுவிட்டார். யாருக்கும் தெரியாத ஒரு ஆட்டத்தை நம்பிக் கூடை தயாரிக்கும் கம்பெனி தொடங்கினார். 1976-ல் தொழில்முறை வீரர்களுக்கான சங்கத்தை ஆரம்பித்து, சில ஆண்டுகளில் அதை வீரர்களிடமே ஒப்படைத்தார். அந்தச் சங்கத்தின் முதல் உறுப்பினர் எண் அவருடையது.

கிட்ட வந்து கோட்டை விடுவது ஏன்?

கூடை வந்த பிறகு, கடைசி வீச்சான 'பட்டிங்' தனிக்கலை ஆனது. கம்பத்தை உரசினால் மட்டும் போதாது, தட்டு உள்ளே தங்க வேண்டும். 100 மீட்டர் வீசுவதும் ஒரு வீச்சுதான், 5 மீட்டரில் தவறவிடுவதும் ஒரு வீச்சுதான். அதனால் பட்டிங்கில் கவனிக்க வேண்டியவை மூன்று.

*டெக்னிக்:* மொத்தக் கூடையைப் பார்க்காமல், ஒரே ஒரு சங்கிலிக் கண்ணியைக் குறிவையுங்கள். உடல் எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு நகர வேண்டும். கை கூடையை நோக்கி நீண்டபடி முடிய வேண்டும். 10 மீட்டருக்குள் இருந்து வீசினால், உடல் சமநிலைக்கு வரும் முன் முன்னே கால் வைக்கக் கூடாது என்பது விதி.

*பயிற்சி:* 3 மீட்டரில் ஆரம்பியுங்கள். பத்துக்கு ஒன்பது விழுந்தால் ஓரடி பின்னே போங்கள். வாரம் ஒருநாள் மூன்று மணி நேரத்தைவிட, தினமும் 15 நிமிடம் நல்லது. எதிர்காற்று தட்டைத் தூக்கும், பின்காற்று அமுக்கும். அதனால் காற்றிலும் பழகுங்கள்.

*தட்டுத் தேர்வு:* பட்டிங் தட்டின் விளிம்பு மழுங்கலாக இருக்கும், மெதுவாகப் பறக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மோல்டிங் மெஷினில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். அச்சு ஒன்றுதான், ஆனால் உள்ளே போகும் பிளாஸ்டிக்கைப் பொறுத்துப் பொருள் மாறும். மென்மையான தட்டு சங்கிலியில் ஒட்டி நிற்கும். கெட்டியான தட்டு கையிலிருந்து சுத்தமாக விடுபடும். எது உங்கள் கைக்கு ஒத்து வருகிறதோ, அதிலேயே நாலைந்து வாங்கிப் பழகுங்கள். அடிக்கடி மாற்றினால் கை குழம்பும்.

சாம்பலும் பறந்தது

2002 ஆகஸ்டில், 78 வயதில் ஹெட்ரிக் இறந்தார். அவர் ஆசைப்படி, அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து நினைவுத் தட்டுகள் வார்த்தார்கள். தட்டுக்காகவே வாழ்ந்தவர், கடைசியில் தட்டாகவே ஆனார்.

உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மைதானங்களில் இன்றும் சங்கிலி குலுங்குகிறது. தட்டு கூடைக்குள் தங்கினால், அதுதான் தீர்ப்பு.