பனிக்கட்டி மன்னர் பிரெடெரிக் டியூடர்

உருகிப் போகும் ஒரு பொருளை முதலாக வைத்து யாராவது வணிகம் செய்வார்களா? ஒருவர் செய்தார். குளத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, கப்பலேற்றி, உலகின் மறுகோடியிலிருந்த கல்கத்தாவுக்கே அனுப்பி விற்ற பிரெடெரிக் டியூடர்தான் அவர்.

டியூடர் 1783-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். சகோதரர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தனர். இவரோ 13 வயதிலேயே பள்ளியை விட்டு விலகி வணிகத்தில் இறங்கினார். 1806-இல் வெப்ப மண்டலத் தீவான மார்ட்டினிக்கிற்குத் தம் முதல் பனிக்கட்டிக் கப்பலை அனுப்பினார். அப்போது அவருக்கு 22 வயது. இன்று என் வயதும் அதுவே. ஊரே சிரித்தது. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால், சரக்கை இறக்கிவைக்க அங்கே கிடங்கு இல்லை. பனிக்கட்டி உருகியது; பணமும் கரைந்தது. கடன் பெருகி, 1812, 1813 ஆகிய ஆண்டுகளில் சிறைக்கும் சென்றார்.

இத்தனைக்குப் பிறகும் அவர் ஏன் விடவில்லை? இதற்கு விடை காண அறிவியலைக் கொஞ்சம் தொட வேண்டும்.

பண்டார் பாரு வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்து தமிழ்ப்பள்ளியில் பயின்ற நான், தேசிய இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவ இயற்பியலில்தான் 'ஹாபா பெண்டாம்' என்ற சொல்லை அறிந்தேன். 'பெண்டாம்' என்றால் புதைத்து மறைப்பது. தமிழில் இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். 1760-களில் ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளேக் இதை விளக்கினார். உருகும் பனிக்கட்டி வெப்பத்தை உள்வாங்கிக்கொண்டே இருக்கும். வெப்பமானியோ 0 பாகையிலேயே நிற்கும். ஒரு கிலோ பனிக்கட்டி முழுதும் உருக ஏறத்தாழ 334 கிலோஜூல் தேவை. அதே வெப்பம் ஒரு கிலோ நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை செல்சியஸ் வரை சூடேற்றிவிடும்!

நீர் உறையும்போது இதே அளவு வெப்பத்தை வெளிவிடுகிறது. போஸ்டன் குளங்கள் குளிர்காலத்தில் அந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு உறைந்தன. கொடுத்த வெப்பத்தைத் திரும்பப் பெறாமல் பனிக்கட்டி உருகாது. அந்த வெப்பம் உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்தினாலே போதும்.

டியூடரின் வெற்றி இந்தத் தாமதத்தில்தான் இருந்தது. மரத்தூள், மரச்சீவல், நெல் உமி என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். இவற்றினிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எங்கள் தோட்டத்து மளிகைக்கடையில் அந்நாளில் ஐஸ் கட்டியைக் கோணிச் சாக்கில் சுற்றி மரத்தூளில் புதைத்து வைத்திருப்பார்களாம், பாட்டி சொல்வார். அது டியூடர் கையாண்ட அதே முறைதான். 1825-இல் அவரிடம் பணியாற்றிய நத்தானியேல் வயத், குதிரை இழுக்கும் பனிவெட்டும் கலப்பையை உருவாக்கினார். கட்டிகள் ஒரே அளவாகக் கிடைத்ததால் நெருக்கி அடுக்க முடிந்தது. காற்றுப்படும் பரப்பு குறைந்தது.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. பூமத்திய ரேகையை இரு முறை கடந்து, நான்கு மாதங்களில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது! 1842-இல் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. அந்தக் குளிர்ச்சியை வெள்ளையரும் செல்வந்தருமே அனுபவித்தனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஆனாலும், அப்பகுதியை மக்கள் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர்.

இடையில் காப்பி வாணிகத்தில் பெருநட்டம் கண்ட டியூடர், அக்கடனையும் பனிக்கட்டி வருவாயால் அடைத்தார். செல்வராக, 1864 பிப்ரவரி 6-ஆம் நாள் தம் 80-ஆவது வயதில் மறைந்தார். பின்னர் இயந்திரப் பனிக்கட்டி வந்து அவ்வணிகம் அழிந்தது. இன்று தடுப்பூசிகளைக்கூட உலர்பனியில் வைத்து அனுப்புகின்றனர். திட நிலையிலுள்ள கரியமில வாயுவான அது, -78.5 பாகையில் நீராகாமல் நேரே வாயுவாகிறது. பொருள் மாறினாலும் விதி ஒன்றே: நிலை மாற வெப்பம் வேண்டும்.

நண்பர்களே, முதல் கப்பலுக்கும் கல்கத்தாப் பயணத்துக்கும் இடையே 27 ஆண்டுகள். பார்த்தவர்களுக்கு அவை வீணான ஆண்டுகள். நம்மில் பலரின் உழைப்பும் அப்படித்தான் கணிக்கப்படுகிறது. வெப்பமானி அசையவில்லை என்பதற்காக வெப்பம் வீணாகிவிட்டது என்று பொருளல்ல. அது நிலையை மாற்றிக்கொண்டிருக்கிறது.