குறி தவறா மங்கை ஆனி ஓக்லி

விளையாட்டு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஓட்டப் பந்தயமும், பந்தாட்டமும், கபடியுமே. சிறு மண்தட்டு ஒன்றை வானில் வீசி, அது தரையில் விழுமுன் துப்பாக்கியால் சுட்டு நொறுக்கும் விளையாட்டும் உலகில் உண்டு. களிமண் புறா சுடுதல் என்று அதற்குப் பெயர். 1900ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. உடல் வலிமையைவிட உள்ளத்தின் ஒருமையையே அது பெரிதும் வேண்டுகிறது. ஆயினும் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்டு வந்தது. அவ்வெண்ணத்தைத் தம் வாழ்வாலேயே பொய்யாக்கியவர், துப்பாக்கியைத் தொடவும் அஞ்சிய ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதற்பாடம் சொல்லிக் கொடுத்தவர், அமெரிக்க நாட்டின் ஆனி ஓக்லி. அவ்வம்மையாரின் வரலாறு, எந்தத் துறையிலும் புதிதாய் அடியெடுத்து வைக்கும் மாணவர்க்குப் பயன் தருவதாகும்.

வறுமையின் மடியில்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டார்க் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே மரக்கட்டைகளால் கட்டப்பட்ட ஒரு சிறு குடிலில் 1860ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் ஆனி பிறந்தார். ஃபீபி ஆன் மோசி என்பது அவருடைய இயற்பெயர். தந்தை ஜேக்கப் சிறு உழவர், தாய் சூசன். பிள்ளைகள் பலர், வருவாயோ சிறிது. ஒரு குளிர்காலத்தில் கடும் பனிப்புயலில் சிக்கி வீடு திரும்பிய தந்தை நோயுற்று, 1866இல் மறைந்தார். அப்போது ஆனிக்கு ஆறு வயதும் நிரம்பவில்லை.

பிள்ளைகள் அனைவருக்கும் உணவளிக்க இயலாத தாய், ஆனியை மாவட்டத்தின் ஏழையர் இல்லத்தில் சேர்த்தார். அங்கே அச்சிறுமி தையல் கற்றாள். பின்னர் 1870ஆம் ஆண்டளவில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி வந்த ஒரு குடும்பத்தார் அவளைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றனர். வாரம் 50 சென்ட் கூலியும் பள்ளிப் படிப்பும் தருவதாகச் சொன்னார்கள். கூலியும் கிட்டவில்லை, படிப்பும் கிட்டவில்லை. அடியும் ஓயாத வேலையுமே கிட்டின. இரவில் கிழிசல் தைக்கும்போது கண்ணயர்ந்தாள் என்பதற்காக, காலில் செருப்பும் இன்றிப் பனியில் வெளியே நிறுத்தப்பட்ட நாளும் உண்டு. அக்குடும்பத்தின் பெயரைப் பிற்காலத்தில் ஆனி எங்கும் வெளியிட்டதில்லை. ஓநாய்கள் என்று மட்டுமே குறிப்பிட்டார். இரண்டாண்டுகள் பொறுத்திருந்து, பின் ஒரு நாள் தப்பி ஓடினாள் அச்சிறுமி.

காடே கல்லூரி

தந்தை விட்டுச் சென்ற பழைய துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. குழலின் வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய வகை அது. எட்டு வயதிலேயே அதை எடுத்து ஓர் அணிலைச் சுட்டதாக ஆனி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். கற்பிக்க ஆசிரியர் இல்லை. பயில நூலும் இல்லை. ஒரு முறை சுட்டால் மீண்டும் மருந்து இட்டுக் கெட்டிக்க நேரமாகும்; அதற்குள் இரை ஓடிவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் காசு வேண்டும். எனவே ஒவ்வொரு குண்டையும் எண்ணி எண்ணிச் செலவிட வேண்டியிருந்தது. வீண் போகும் ஒரு குண்டு வீட்டார் இழக்கும் ஒரு வேளை உணவு. இந்த இக்கட்டே அவருக்கு ஆசானாயிற்று.

ஏழையர் இல்லத்திலிருந்து தாயின் வீட்டுக்குத் திரும்பியபின், வேட்டையையே அவர் தொழிலாகக் கொண்டார். காடையும் காட்டுக்கோழியும் முயலும் கிரீன்வில் நகரிலிருந்த காட்சன்பெர்கர் என்பாரின் கடைக்குச் சென்றன. அங்கிருந்து சின்சினாட்டி நகர உணவு விடுதிகளை அடைந்தன. இறைச்சியில் ரவை புதையாதவாறு தலையிலேயே குறிபார்த்துச் சுட்டதால், ஆனியின் இரைக்குத் தனி மதிப்பு இருந்தது. இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, 15 வயதளவில் தாயின் நிலத்தின் மேலிருந்த அடைமானக் கடனைத் தீர்த்தார்.

போட்டியில் கிடைத்த துணைவர்

அந்நாளில் மேடைகளில் துப்பாக்கி வித்தை காட்டி வந்தவர் ஃபிராங்க் பட்லர். அயர்லாந்திலிருந்து குடியேறியவர். எந்த ஊருக்குச் சென்றாலும் அவ்வூரின் சிறந்த குறியாளரோடு பந்தயம் கட்டுவது அவர் வழக்கம். சின்சினாட்டிக்கு வந்தபோது, விடுதிக்காரர் ஒருவர் தமக்கு இரை அனுப்பும் குறியாளரை எதிர்நிறுத்தினார். வந்து நின்றதோ 5 அடி உயரமே உள்ள ஓர் இளம்பெண்! இது நிகழ்ந்தது 1875 என்பாரும் உளர். 1881 என்பாரும் உளர். 25 இலக்குகளில் பட்லர் ஒன்றைத் தவறவிட்டார். ஆனி ஒன்றையும் தவறவிடவில்லை. பந்தயத்தில் தோற்ற பட்லர் அப்பெண்ணிடம் உள்ளத்தையும் தோற்றார். இருவரும் மணம் புரிந்தனர்.

1882 முதல் இருவரும் மேடையேறினர். ஓக்லி என்னும் பெயரை ஆனி சூடிக்கொண்டது மேடைக்காகவே. மனைவியின் திறமை தம் திறமையினும் மேம்பட்டது என்பதை உணர்ந்த பட்லர், தாமே முன்வந்து ஒதுங்கி, அவருடைய நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். ஆண் முன்னே, பெண் பின்னே என்றிருந்த அக்காலத்தில் இச்செயல் எளிதானதன்று.

மண்தட்டின் கதை

களிமண் புறா தோன்றிய கதையையும் இங்கே அறிய வேண்டும். முற்காலத்தில் உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டுச் சுடுவதே போட்டியாக இருந்தது. பின்னர் கண்ணாடி உருண்டைகள் வந்தன. சில உருண்டைகளின் உள்ளே இறகுகளைத் திணித்து வைப்பர். உடையும்போது பறவையைச் சுட்டது போன்ற தோற்றம் உண்டாகும். ஆனால் கண்ணாடிச் சில்லுகள் நிலமெங்கும் சிதறிக் கிடந்து தொல்லை தந்தன.

ஆனியின் இரைகள் விற்பனையான அதே சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகௌஸ்கி என்பவர், 1880ஆம் ஆண்டில் களிமண்ணால் ஒரு தட்டைச் செய்து காப்புரிமை பெற்றார். நீர்ப்பரப்பில் சிறுவர்கள் வீசும் தட்டைச் சிப்பிகள் துள்ளிச் செல்வதைக் கண்டு அவருக்கு அவ்வெண்ணம் தோன்றியதென்பர். தொடக்கத்தில் சுட்ட களிமண் தட்டுகள் மிகக் கடினமாக இருந்தன. ரவை பட்டாலும் சில வேளை உடையாமல் மணிபோல் ஒலித்தன. பின்னர்ச் சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து தட்டுகள் செய்யப்பட்டன. களிமண் போயிற்று, களிமண் என்ற பெயர் மட்டும் நின்றது. இன்றைய தட்டு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் அகலமும் 100 கிராம் எடையும் உள்ளது. உயிருள்ள பறவைகள் பிழைத்தன; குறைந்த செலவில் எவரும் பயிலத்தக்க விளையாட்டும் பிறந்தது.

புகழின் உச்சியில்

1885ஆம் ஆண்டு சின்சினாட்டியில், 9 மணி நேரத்தில் வீசப்பட்ட 5,000 கண்ணாடி உருண்டைகளில் 4,772 உருண்டைகளை ஆனி உடைத்தார். அதே ஆண்டில் பஃபலோ பில் என்று புகழ்பெற்ற வில்லியம் கோடியின் காட்சிக் குழுவில் சேர்ந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியில் பின்புறத்து இலக்கைக் கண்டு, தோளின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுவார். சீட்டுக்கட்டின் சீட்டை விளிம்புப் பக்கமாக நிறுத்தி இரு துண்டாக்குவார். துளையிடப்பட்ட இலவச நுழைவுச் சீட்டுக்கே அமெரிக்காவில் ஆனி ஓக்லி என்று பெயர் வழங்கலாயிற்று!

செவ்விந்தியர் தலைவரான சிட்டிங் புல் அவருடைய திறமையைக் கண்டு வியந்து, தம் மகளாகவே ஏற்றுக்கொண்டார். 1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டில் லண்டன் மாநகரமும், 1889இல் பாரிசுப் பொருட்காட்சிக்கு வந்த மக்களும் அவரைப் போற்றினர். இத்தனை புகழுக்கிடையிலும், தம் மேடை உடைகளைத் தாமே தைத்து அணிந்தார். ஏழையர் இல்லத்தில் கற்ற தையலை அவர் மறக்கவில்லை.

பழியைத் துடைத்த போராட்டம்

1901ஆம் ஆண்டு அக்டோபரில் காட்சிக் குழுவினர் சென்ற இரயில் வட கரோலினாவில் விபத்துக்குள்ளாயிற்று. முதுகெலும்பில் அடிபட்ட ஆனி, குழுவிலிருந்து விலகினார். அதனினும் பெரிய இடி 1903இல் விழுந்தது. ஆனி ஓக்லி போதைப்பொருளுக்குக் காசு தேடித் திருடிச் சிறைப்பட்டார் என்று சிகாகோ நாளிதழ் ஒன்று செய்தி வெளியிட்டது. நாடெங்கும் உள்ள இதழ்கள் உண்மை தேடாமல் அதை எடுத்து அச்சிட்டன. உண்மையில் சிறைப்பட்டவள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்ட வேறொரு பெண்.

பல இதழ்கள் வருத்தம் தெரிவித்தன. அத்துடன் விட்டுவிட அவர் உள்ளம் இசையவில்லை. 55 இதழ்கள் மீது வழக்குத் தொடுத்தார். மேடை வருவாயை விட்டு, ஊர் ஊராகச் சென்று நீதிமன்றங்களில் சாட்சி சொன்னார். 1910ஆம் ஆண்டு வரை நீண்ட அப்போராட்டத்தில் 54 வழக்குகள் அவருக்குச் சாதகமாய் முடிந்தன. பெற்ற இழப்பீட்டைவிடச் செய்த செலவே மிகுதி. பணத்திற்காக அவர் வழக்காடவில்லை. பனியில் வெளியே நிறுத்தப்பட்டபோது எதிர்த்துப் பேச இயலாதிருந்த சிறுமி, வளர்ந்தபின் தன் நற்பெயரை எவர்க்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆசிரியை ஆனி

அவருடைய வாழ்வில் நாம் மிகுதியாகப் போற்ற வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. 1915 முதல் பல ஆண்டுகள், வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் என்னும் ஓய்விடத்தில் இருந்த துப்பாக்கிக் கழகத்தில் பெண்களுக்கு அவர் பயிற்சி தந்தார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. அவர் தம் வாழ்நாளில் பயிற்றுவித்த பெண்களின் தொகை 15,000 என்று சொல்லப்படுகிறது.

புதிதாகத் துப்பாக்கி ஏந்துவோர் கற்க வேண்டியவை எவை? முதற்பாடம் சுடுதல் அன்று, சுடாதிருத்தல். துப்பாக்கி எப்போதும் குண்டு நிரம்பியது என்றே எண்ண வேண்டும். குழலின் வாய் எந்நேரமும் ஆளில்லாத திசையையே நோக்க வேண்டும். சுடும் இடத்தில் நிற்கும் வரை துப்பாக்கி திறந்தே இருக்க வேண்டும்; விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இப்பழக்கம் வேரூன்றிய பின்னரே தோட்டாவைத் தொடலாம்.

அடுத்தது நிற்கும் முறை. உடல் சற்றே முன்சாய்ந்து, முன்காலில் பாரம் தங்க வேண்டும். துப்பாக்கியின் கட்டை தோளில் அழுந்தியும், கன்னம் கட்டையில் படிந்தும் இருத்தல் வேண்டும். தோளில் சரியாகப் பொருந்தாத துப்பாக்கி உதைக்கும். உதைக்கு அஞ்சியவர் கண்ணை மூடுவார். கண் மூடினால் குறி தவறும். நம் இரு கண்களுள் ஒன்று மற்றதைவிட ஆற்றல் மிக்கது. எது என்பதை முதலிலேயே அறிந்துகொள்வதும் இன்றியமையாதது.

மூன்றாவது பாடமே கடினமானது. தட்டு இருக்கும் இடத்தில் சுட்டால் தட்டு உடையாது! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் தட்டை எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் தொலைவை ரவை கடக்க ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். அதற்குள் தட்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். எனவே தட்டு போகவிருக்கும் இடத்தை நோக்கிச் சுட வேண்டும். அதுமட்டுமன்று, விசையை அழுத்திய பிறகும் துப்பாக்கியின் ஓட்டத்தை நிறுத்தலாகாது. புதியவர் பலர் விசையை அழுத்தும்போதே கையையும் நிறுத்திவிடுவர். ரவை தட்டுக்குப் பின்னே சென்றுவிடும். கண் தட்டின் மேலேயே இருக்க வேண்டும். குழலைப் பார்க்கத் தொடங்கினால் கை நின்றுவிடும். நேரே விலகிச் செல்லும் எளிய தட்டில் தொடங்கி, சிறிது சிறிதாகக் குறுக்கே பறக்கும் தட்டுக்குச் செல்வதே முறை.

அந்திக்காலம்

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, பெண்கள் படை ஒன்றைத் திரட்டித் தர ஆனி முன்வந்தார். அரசு அதை ஏற்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை, படைமுகாம்களுக்குச் சென்று வீரர்களுக்குத் தம் கலையைக் காட்டினார். 1922இல், 60 வயதைக் கடந்த நிலையில், பைன்ஹர்ஸ்ட்டில் 16 கஜத்திலிருந்து தொடர்ச்சியாக 100 தட்டுகளை உடைத்தார். அவ்வாண்டு நவம்பரில் ஃபிளாரிடாவில் நேர்ந்த கார் விபத்தில் இடுப்பும் கணுக்காலும் முறிந்தன. காலில் இரும்புத் தாங்கி பூட்டிக்கொண்டு மீண்டும் சுடத் தொடங்கினார்.

1926ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், சிறு வயதில் தம் இரைகள் விற்கப்பட்ட அதே கிரீன்வில் நகரில் ஆனி ஓக்லி இயற்கை எய்தினார். துணையை இழந்த பட்லர் 18 நாட்களில் அவரைப் பின்தொடர்ந்தார்.

முடிவாக

1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில், ஆடவரும் பெண்டிரும் சேர்ந்து கலந்துகொண்ட ஸ்கீட் என்னும் மண்தட்டுப் போட்டியில், ஜாங் ஷான் என்ற சீனப் பெண் ஆடவர் அனைவரையும் வென்று தங்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அப்போட்டி ஆடவர்க்கு மட்டும் என்றாயிற்று. பெண்களுக்கெனத் தனி ஸ்கீட் போட்டி வர 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனி திறந்துவைத்த கதவு அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் முழுமையாகத் திறக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மாணவ நண்பர்களே! நம்மில் எவரும் துப்பாக்கி ஏந்தப் போவதில்லை என்றே கொள்வோம். ஆயினும் புதிய கல்வி, புதிய தொழில், புதிய பொறுப்பு என ஏதேனும் ஒன்றின் முன் நாம் நாளை நடுங்கி நிற்கத்தான் போகிறோம். அப்போது, ஆசிரியரும் நூலும் இன்றிக் காட்டில் தனித்து நின்று, ஒரு குண்டையும் வீணாக்காமல் கற்ற அந்தச் சிறுமியை எண்ணிக்கொள்வோம். தாம் கற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கு இலவசமாய் வழங்கிய அம்மூதாட்டியையும் எண்ணிக்கொள்வோம்.