நடுக்குவாதத்தை இனங்கண்ட வைத்தியர்

உங்கள் வீட்டிலோ அயல் லயத்திலோ கை நடுங்கும் முதியவர் ஒருவர் இருக்கிறாரா? அப்படியானால் ஜேம்ஸ் பார்க்கின்சனின் வரலாறு உங்களுக்குப் பயன்படும்.

இவர் 1755 ஏப்ரல் 11ஆம் திகதி லண்டனின் ஹொக்ஸ்டன் பகுதியிலே பிறந்தார். தந்தையைப் போலத் தாமும் வைத்தியரானார். ஏழை மக்களின் உரிமைக்காகப் பிரசுரங்கள் எழுதினார். மனநோயாளர் விடுதிகளைப் பற்றியும் 1811இல் நூல் எழுதினார். நடுக்குவாதம் கண்ட அறுவரின் நிலையை விவரிக்கும் சிறுநூலை 1817இல் வெளியிட்டார். அவர்களுட் சிலரை அவர் வீதியிலேதான் கண்டார். கைநடுக்கம், கூனிய உடல், முன்சாய்ந்து விரையும் நடை ஆகியவற்றை நுணுக்கமாக எழுதிய அவர், அறிவும் புலன்களும் பழுதுபடுவதில்லை என்றே கருதினார். 1824 டிசம்பர் 21இல் காலமானார். பின்னாளில் பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ அந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார்.

அவர் காணாத ஒன்றை இன்றைய மருத்துவம் கண்டுள்ளது. மூளையில் டோபமைன் முதலிய இரசாயனங்கள் குறையும்போது உடலோடு மனமும் வாடுகிறது. மனச்சோர்வும் பதகளிப்பும் சிலருக்கு நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றுகின்றன. முகத்தசைகள் இறுகுவதால் துயரம் வெளியே தெரிவதுமில்லை.

ஆகவே, தாத்தா பேச்சின்றி முடங்கினால் அதை முதுமை என்றோ விசுவாசக் குறைவு என்றோ எண்ணிவிடாதீர்கள். மாவனல்லை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும்போது, நடுக்கத்தோடு தூக்கமின்மை, அச்சம், அழுகை ஆகியவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இவற்றுக்கும் மருந்து உண்டு. மனநல ஆலோசனையும் உண்டு. சொன்னால்தான் அவை கிடைக்கும்.