வீண் புகைக்கு வேலை கொடுத்தவர்

மணலி புதுநகர் வழியாகப் பகலும் இரவும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் சரக்கு கொண்டு போகும் லாரிகள் அவை.

இக்காலத்து லாரிகள் பலவற்றில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு தட்டையான பெட்டி இருக்கும். அதற்குள் தண்ணீர் ஓடாது. காற்று ஓடும். அதற்கு "இன்டர்கூலர்" என்று பெயர். எஞ்சினுக்குள் போகிற காற்றைக் குளிர வைப்பதுதான் அதன் வேலை.

தண்ணீரைக் குளிர வைப்பது தெரிந்த விஷயம். காற்றை ஏன் குளிர வைக்கவேண்டும்? இதைச் சொல்ல வேண்டுமானால், ஆல்பிரட் பியூகி என்ற எஞ்சினீயரின் கதையைச் சொல்ல வேண்டும்.

எஞ்சின் ஊரில் பிறந்தார்

பியூகி சுவிட்சர்லாந்து நாட்டில் வின்டர்தூர் என்ற ஊரில் 1879-ம் ஆண்டு ஜூலை 11-ந்தேதி பிறந்தார். சூல்சர் என்ற பெரிய எஞ்சின் தொழிற்சாலை அந்த ஊரில்தான் இருந்தது. பியூகியின் தந்தை அங்கே உயர்ந்த பதவி வகித்தார்.

இதில் ஓர் அதிசயப் பொருத்தம் உண்டு. டீசல் எஞ்சினை உருவாக்கிய ருடால்ப் டீசல், மாணவராக இருந்தபோது தொழில் பழகச் சென்றது இதே சூல்சர் தொழிற்சாலைக்குத்தான். அவர் சென்ற ஆண்டும் 1879!

பியூகி சூரிச் நகரில் பொறியியல் படித்து 1903-ல் பட்டம் பெற்றார். பிறகு பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

துருத்தியை ஊதுவது யார்?

அடுப்பு மங்கினால் வீட்டில் ஊதுகுழலை எடுக்கிறார்கள். கொல்லன் துருத்தி போடுகிறான். காற்று கூடினால் நெருப்பு கூடும்.

எஞ்சினும் ஓர் அடுப்புதான். சிலிண்டர் தானாக இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் டீசலை மட்டும் ஊற்றினால் கரும்புகைதான் வரும், இழுவை கூடாது. ஆகவே காற்றை அழுத்தி உள்ளே தள்ளவேண்டும். ஆனால் அந்தத் துருத்தியை யார் ஊதுவது? எஞ்சினையே ஊதச் சொன்னால் அதன் பலத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

பியூகியின் கண் புகைக்குழாய் மீது விழுந்தது. கொதிக்கும் புகை வேகமாக வெளியேறி வீணாகிறது. அதன் வழியில் ஒரு சக்கரத்தை வைத்தால் காற்றாடி போலச் சுழலும். அந்தச் சுழற்சியைக் கொண்டு இன்னொரு சக்கரத்தைச் சுழற்றினால், அது காற்றை உள்ளே தள்ளும்! இந்த யோசனைக்கு 1905-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26. இன்று "டர்போ" என்று சொல்கிறோமே, அதன் மூலம் இதுதான்.

இருபது வருடம்

யோசனை பிறந்துவிட்டது. எஞ்சின்தான் ஒத்துழைக்கவில்லை. சூல்சர் தொழிற்சாலையில் 1911-ல் சோதனை தொடங்கியது. 1915-ல் செய்து பார்த்த மாதிரி எஞ்சின் நம்பி ஓட்டும்படி அமையவில்லை. புகையின் சூட்டைத் தாங்கும் நல்ல உலோகம் அந்தக் காலத்தில் கிடைப்பது அரிது.

வேறு ஒருவராக இருந்தால் கைவிட்டிருப்பார். பியூகி விடவில்லை. 1925-ல் வழி கிடைத்தது. ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் புகையோடு மோதாதபடி தனித்தனிக் குழாய்களில் சக்கரத்துக்குக் கொண்டு போனார். புதிய காற்றைக் கொண்டே மிச்சப் புகையைக் கழுவித் தள்ளவும் வழி செய்தார்.

அடுத்த ஆண்டு "பிராய்சன்", "ஹன்சஸ்டாட் டான்சிக்" என்ற இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் இந்த முறை வந்தது. 1,750 குதிரைசக்தி கொடுக்கும் எஞ்சின் 2,500 குதிரைசக்தி கொடுத்தது. கப்பல் உலகம் திரும்பிப் பார்த்தது! (பாவம், அந்த இரு கப்பல்களும் 1941-ல் ஒரே நாளில் கடற்கண்ணியில் சிக்கி மூழ்கின.)

பம்பு ஏன் சுடுகிறது?

ஆனால் காற்றை அழுத்துவதில் ஒரு தொல்லை உண்டு. சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்கு இது தெரியும். பத்துத் தரம் அடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும். அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சூடான காற்று விரியும். விரிந்தால் அடர்த்தி குறையும். வெளிக்காற்றைப் போல இரு மடங்கு அழுத்தினால் டர்போவிலிருந்து வரும் காற்றின் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பது போல ஆகிவிடுகிறது.

இதற்கு மருந்துதான் இன்டர்கூலர். 110 டிகிரியில் இருக்கும் காற்றை, அழுத்தம் குறையாமல் 50 டிகிரிக்குக் குளிர வைத்தால், அதே இடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காற்று கூடுதலாக அடங்கும். காற்று கூடினால் டீசலும் முழுமையாக எரியும். சிலிண்டரின் சூடு தணிவதால் புகையில் வரும் நச்சு வாயுக்களில் ஒரு வகையும் குறையும்.

1938-ல் சுவிட்சர்லாந்தின் சவ்ரர் கம்பெனி, டர்போ வைத்த டீசல் லாரியைச் செய்தது. கப்பலுக்கென்று வந்த கருவி சாலையில் இறங்கியதை பியூகி தம் கண்ணாலேயே கண்டார். 1959-ம் ஆண்டு அக்டோபர் 27-ந்தேதி, 80-வது வயதில் காலமானார்.

துறைமுகச் சாலையில் ஓடும் லாரிகளின் இன்டர்கூலரில் புழுதி அப்பிக்கொள்கிறது. தகடுகளின் இடுக்கில் சேறு அடைத்தால் காற்று குளிராது. பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறும். ரப்பர் குழாயில் சிறு கிழிசல் இருந்தாலும் இதே கதைதான். இழுவை இல்லை என்று வண்டி வந்து நின்றால், எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.