கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் செஸ்... ஆலன் டூரிங் சாதித்தது எப்படி?

செஸ் ஆடும் புரோகிராம் ரெடி. ஆனால், அதை ஓட்டும் அளவுக்குத் திறனுள்ள கம்ப்யூட்டர்தான் இல்லை. என்ன செய்வது? பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தானே கம்ப்யூட்டராக மாறினார் ஆலன் டூரிங்.

யார் இந்த டூரிங்?

1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தவர். ஆனால், இவருடைய அம்மா எத்தேல் சாரா பிறந்தது நம்ம கோவை பக்கத்தில் இருக்கும் போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ் அதிகாரி. பெற்றோர் இந்தியாவில் இருந்ததால், டூரிங்கும் அண்ணன் ஜானும் சிறுவயதில் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்கள்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீடுகளை உடைத்த குழுவில் முக்கியமானவர் டூரிங். ஹியூ அலெக்சாண்டர், ஹாரி கோலம்பெக் போன்ற செஸ் வீரர்களும் அங்கே வேலை பார்த்தார்கள். டூரிங்குக்கு செஸ் சுமாராகத்தான் வரும். ஆனால், செஸ் யோசனையை விதிகளாக எழுத முடியுமா என்ற கேள்வி அவரை விடவில்லை.

புரோகிராம் எப்படி யோசித்தது?

1948-ல் நண்பர் டேவிட் சாம்பர்நவுனுடன் சேர்ந்து விதிகளை எழுதினார். இருவர் பெயரையும் சேர்த்து 'டுரோசாம்ப்' என்று பெயர்.

முதல் வேலை, விதிப்படி ஆடக்கூடிய எல்லா நகர்த்தல்களையும் பட்டியல் போடுவது. ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 வழி, கறுப்புக்கு 20 வழி. ஆளுக்கு ஒருமுறை ஆடினாலே 400 வாய்ப்புகள்!

இரண்டாவது வேலை, தேடல். நான் இதை ஆடினால் எதிராளி என்ன ஆடுவார் என்று பார்ப்பது. காய் வெட்டும் இடத்தில் மட்டும், வெட்டுக்குத்து ஓயும் வரை இன்னும் ஆழமாகப் போகும். பாதியில் நிறுத்தினால் கணக்கு தப்பிவிடும்.

மூன்றாவது வேலை, மதிப்பெண். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, பிஷப்புக்கு 3.5, யானைக்கு 5, ராணிக்கு 10.

29-வது நகர்த்தலில் தோல்வி

1952-ல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி என்பவருடன் டுரோசாம்ப் மோதியது. டூரிங் கையாலேயே கணக்குப் போட்டார். ஒரு நகர்த்தலுக்கு அரைமணி நேரம் வரை ஆனது. 29-வது நகர்த்தலில் ஒரு சிப்பாயை வெட்டப் போன ராணி வசமாகச் சிக்க, ஆட்டம் முடிந்தது. அதற்கு மேல் முன்னால் பார்க்க அந்த விதிகளுக்குக் கண் இல்லை.

இதை நிஜ கம்ப்யூட்டரில் ஏற்றவும் டூரிங் முயன்றார். முடிக்கவில்லை. அதே 1952-ல் தன்பாலின உறவுக்காக அவர் தண்டிக்கப்பட்டார். அப்போது பிரிட்டனில் அது குற்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்க வேண்டியதாயிற்று. 1954 ஜூன் 7-ல், 41 வயதில் சயனைடு விஷத்தால் இறந்தார். அரச மன்னிப்பு வந்தது 2013-ல்தான்.

2012-ல், டூரிங்கின் நூற்றாண்டில், கம்ப்யூட்டரில் ஓடிய டுரோசாம்ப்பை 16 நகர்த்தல்களில் வீழ்த்தினார் காஸ்பரோவ். ஆனாலும் அந்த அடிப்படை சாகவில்லை. இன்று ஆர்.கே.பேட்டையில் ஒரு மாணவர் வீட்டு லேப்டாப்பில் சொந்தமாக செஸ் புரோகிராம் எழுத உட்கார்ந்தாலும், முதலில் எழுத வேண்டியது இதே மூன்றைத்தான்: பட்டியல், தேடல், மதிப்பெண்.