மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர், கானுயிர் ஒளிப்படக் கலைஞர், எழுத்தாளர், ஓவியர் ஆவார். இந்தியாவில் கானுயிர் ஒளிப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். வெவ்வேறு நிழற்படக் கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கருவியைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்தார். தமிழ்ப் புதின முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் இவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் திருநெல்வேலியில், எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். அக்காலத் திருநெல்வேலி மாவட்டம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்தது. தாமிரபரணி பாயும் நஞ்சை நிலங்களும், கோவில்பட்டி, எட்டயபுரம், எப்போதும்வென்றான் முதலிய ஊர்களைக் கொண்ட மானாவாரிக் கரிசல் நிலமும் அப்போது ஒரே மாவட்டத்தில் இருந்தன. 1986 ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடி தனி மாவட்டமானது.

தந்தை மாதவையா திருநெல்வேலியை அடுத்த பெருங்குளத்தைச் சேர்ந்தவர். அரசின் உப்பு இலாகாவில் பணியாற்றியவர். அவர் சென்னை மயிலாப்பூரில் குடியேறியபோது, கட்டிய வீட்டிற்குச் சொந்த ஊரின் பெயரையே இட்டார். கிருஷ்ணன் வளர்ந்ததும் பிற்காலத்தில் வாழ்ந்ததும் இவ்வீட்டில்தான். 1925 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பேசி அமர்ந்த மாதவையா, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற கிருஷ்ணன், 1927 இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன், நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டவர். அவரிடம் பெற்ற பயிற்சியால் கிருஷ்ணனுக்குத் தாவரவியலில் ஆழ்ந்த ஈடுபாடு உண்டாயிற்று. விலங்கை அது வாழும் மரஞ்செடிகளிலிருந்து பிரித்துப் பாராத பார்வை இவரது பிற்கால எழுத்து முழுவதிலும் காணப்படுகிறது. பின்னர்ச் சட்டமும் படித்தார். 1937 இல் இந்துமதியை மணந்தார்.

பணி

படிப்பை முடித்தபின் அச்சகம், வானொலி எனச் சில இடங்களில் குறுகிய காலம் வேலை பார்த்தார். 1942 இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சந்தூர் சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். சுற்றிலும் காடும் குன்றுகளும் இருந்தமையால் விலங்குகளையும் பறவைகளையும் நாள்தோறும் கவனிக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஆடு வளர்ப்பிலும் புறா வளர்ப்பிலும் ஈடுபட்டார்.

சமஸ்தானம் 1949 இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் சென்னை திரும்பிய இவர், அதன்பின் எந்த நிறுவனத்திலும் நிலையான வேலையில் சேரவில்லை. எழுத்தும் ஒளிப்படமுமே வாழ்நாள் இறுதிவரை இவரது தொழிலாக இருந்தன. இந்திய அரசு 1952 இல் சிறுத்தைப்புலியினின்றும் வேறான சிவிங்கிப்புலி நாட்டில் அற்றுப்போனதாக அறிவித்தது. வேட்டை பரவலாக இருந்து, காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு நாடு தழுவிய சட்டம் இல்லாத அக்காலத்தில்தான் கிருஷ்ணன் இத்தொழிலைத் தேர்ந்துகொண்டார்.

நிழற்படக் கருவி

கிருஷ்ணனின் கருவி ஒரு நிறுவனத்தின் உடற்பகுதியும், வேறொரு நிறுவனத்தின் டெலிபோட்டோ வில்லையும், பிற துணைப்பாகங்களும் சேர்ந்த கலவையாகும். அளவிலும் எடையிலும் பெரிதான அதற்கு அவர் விளையாட்டாகச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். இக்கருவியைக் கண்ட பிற ஒளிப்படக் கலைஞர்கள் வியந்து பதிவு செய்துள்ளனர். வண்ணப்படச் சுருள் பரவலான பின்னரும் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை. படச்சுருளைக் கழுவுவதையும் படிகளை அச்சிடுவதையும் தமது இருட்டறையில் தாமே செய்தார்.

காடுகளில் நடந்தும், பழக்கப்பட்ட யானையின் மீது அமர்ந்தும் படமெடுத்தார். முதுமலையில் இவர் எடுத்த காட்டுயானைப் படங்கள் பெரிதும் அறியப்பட்டவை.

இயங்கும் பறவையும் குவியமும்

பறக்கும் பறவையைப் படமாக்கும் முயற்சி 19 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பிரான்சு நாட்டு உடலியலாளர் மாரே, பறத்தலை ஆராய்வதற்காக, நொடிக்கு 12 படங்கள் எடுக்கக்கூடிய துப்பாக்கி வடிவக் கருவியை 1882 இல் அமைத்தார். எனினும் தொலைவிலுள்ள பறவையைப் பெரிதாகவும் தெளிவாகவும் காட்டுவது நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. டெலிபோட்டோ வில்லையின் இயல்பே இதற்குக் காரணம்.

குவிய தூரம் மிகுந்த வில்லை பறவையை அருகில் கொண்டுவந்து காட்டும். அதேவேளையில், தெளிவாகப் பதியும் இடத்தின் ஆழத்தைக் குறைத்துவிடும். எடுத்துக்காட்டாக, 35 மி.மீ. படச்சுருளில் 400 மி.மீ. வில்லையை எஃப் 5.6 துவாரத்தில் வைத்து 10 மீட்டர் தொலைவில் குவித்தால், ஏறத்தாழ 20 செ.மீ. ஆழத்திற்குள் இருப்பவை மட்டுமே தெளிவாக இருக்கும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நேராக வரும் பறவை இந்த 20 செ.மீ. தொலைவை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். கண்டதும் விரல் இயங்குவதற்கு மனிதருக்கு ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவை. அதற்குள் பறவை 2 மீட்டர் சென்றிருக்கும். ஆகவே பறவை தெளிவாகத் தெரிந்தபின் பொத்தானை அழுத்துவது பயன் தராது.

இதனுடன் அசைவினால் உண்டாகும் மங்கலும் சேரும். அதே பறவை குறுக்காகப் பறந்தால், நொடியில் 500 இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும் ஷட்டரில் 2 செ.மீ. நகர்ந்துவிடும். இதைத் தவிர்க்க ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும், அல்லது பறவை செல்லும் திசையிலேயே கருவியைச் சீராகத் திருப்பிக்கொண்டு எடுக்க வேண்டும். 100 ஐ.எஸ்.ஓ. உணர்திறன் கொண்ட படச்சுருளில், எஃப் 5.6 துவாரத்தில், நல்ல வெயிலில் 800 இல் ஒரு பங்கு வேகம் கிடைக்கும். மரநிழலிலோ அந்தியிலோ அது பல மடங்கு குறைந்துவிடும்.

தானியங்கிக் குவியம் இல்லாத காலத்தில் இதற்கு இருந்த வழி முன்கூட்டியே குவித்து வைப்பதாகும். பறவை வந்து அமரும் கிளையையோ, இறங்கும் நீர்ப்பரப்பையோ முதலில் குவித்துக்கொண்டு, அது அவ்விடத்தை அடைவதற்குச் சற்று முன்னரே பொத்தானை அழுத்த வேண்டும். பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்திற்கு வரும் என்பதால் அக்காலத்தவர் பலர் கூட்டருகே மறைவிடம் அமைத்துப் படமெடுத்தனர். சிங்கப்பூரைச் சேர்ந்த லோக் வான் தோ இவ்வகையில் புகழ் பெற்றவர். ஆனால் கூட்டை நெருங்குவதில் ஆபத்து உண்டு. தாய்ப்பறவை அஞ்சி விலகினால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்திற்கும் இரையாகும். எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைக் கருவி சொல்லாது. பறவையை அறிந்தவருக்கே அது தெரியும்.

கிருஷ்ணனும் இக்கட்டுப்பாடுகளுக்குள்ளேயே பணியாற்றினார். இவரது குறிப்புகள் பறவை எந்த வேளையில் இரை தேடுகிறது, எவ்வாறு எழுகிறது, எவ்வாறு அமர்கிறது என்பன போன்ற செய்திகளால் நிறைந்தவை. முன்கூட்டிக் குவிப்பதற்கு வேண்டிய அறிவும் இதுவே. உலகில் தானியங்கிக் குவியம் உள்ளமைந்த ஒற்றைவில்லைக் கருவிகள் 1985 ஆம் ஆண்டு மினோல்ட்டா 7000 வெளிவந்த பின்னரே பரவின. அப்போது இவருக்கு வயது 73. 2020 வாக்கில் பறவையின் கண்ணைத் தானே கண்டறிந்து குவிக்கும் கருவிகள் வந்துவிட்டன. குவியத்தின் சுமையை அவை ஏற்றுக்கொண்டாலும், எங்கு, எப்போது காத்திருப்பது என்பது இன்றும் பார்ப்பவரின் அறிவைப் பொறுத்ததாகவே உள்ளது.

வேடந்தாங்கல்

செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில், நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா முதலியவை கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால் ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைக் காத்து வந்தனர். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் வேட்டைக்கு எதிரான பாதுகாப்பு ஆணையும் பெற்றிருந்தனர். இவ்விடத்தைப் பற்றிக் கிருஷ்ணன் எழுதிய நூல் 1960 இல் வெளியானது.

பாலூட்டிகள் ஆய்வு

1968 இல் இவருக்கு ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. அதன் துணையுடன் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்தார். இவ்வாய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வெளிவந்து, 1975 இல் நூலாயிற்று. நூலின் பெயரிலுள்ள 1959-70 என்ற காலவரையறை குறிப்பிடத்தக்கது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 இலும், புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973 இலும் வந்தன. அவற்றுக்கு முந்தைய நிலையைக் காட்டும் பதிவாக இந்நூல் விளங்குகிறது. புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும், இந்தியக் கானுயிர் வாரியத்திலும் கிருஷ்ணன் உறுப்பினராக இருந்தார்.

எழுத்துப்பணி

கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 ஆம் ஆண்டு 'கன்ட்ரி நோட்புக்' என்னும் பத்தியைத் தொடங்கினார். இருவாரத்துக்கு ஒருமுறையாக 46 ஆண்டுகள் இப்பத்தி தொடர்ந்தது. பெருங்காட்டு விலங்குகளுக்குத் தந்த அதே கவனத்தை வீட்டுத் தோட்டத்து அணிலுக்கும் தெருவோரக் காகத்திற்கும் தந்தார். கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியங்களும் வரைந்தார்.

தமிழிலும் பறவைகள், விலங்குகள் பற்றிய கட்டுரைகளை எழுதியுள்ளார். துப்பறியும் புதினம் ஒன்றும் எழுதினார்.

கருத்துகள்

ஒரு நாட்டின் அடையாளம் அதன் இயல்தாவரங்களிலும் விலங்குகளிலும் உள்ளது என்பது இவரது உறுதியான நிலைப்பாடு. ஆகவே சரணாலயங்களிலும் சாலையோரங்களிலும் அயல்நாட்டு மரங்களை நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். உள்நாட்டு மரம் அகன்றால் அதை நம்பிய பறவையும் அகலும் என்பதே இதன் அடிப்படையாகும்.

விருதுகள்

1970 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1995 இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருதைப் பெற்றார்.

மறைவு

கிருஷ்ணன் 1996 பெப்ரவரி 18 அன்று தமது 83 ஆவது வயதில் சென்னையில் காலமானார். அவரது இறுதிப் பத்தி அதே நாளில் வெளியானது. சிதறிக் கிடந்த இவரது கட்டுரைகளையும் படங்களையும் இராமச்சந்திர குகா, சு. தியடோர் பாஸ்கரன், ஆஷிஷ் மற்றும் சாந்தி சந்தோலா, ஒளிப்படக் கலைஞர் டி. என். ஏ. பெருமாள் ஆகியோர் தொகுத்து நூல்களாக்கினர்.

நூல்கள்

தமிழ்
- கதிரேசன் செட்டியாரின் காதல் (புதினம்)
- மழைக்காலமும் குயிலோசையும் (தொகுப்பு: சு. தியடோர் பாஸ்கரன், 2002)

ஆங்கிலம்
- ஜங்கிள் அண்ட் பேக்யார்டு (1961)
- இந்தியாஸ் வைல்டுலைஃப் இன் 1959-70 (1975)
- நைட்ஸ் அண்ட் டேஸ் (1985)
- நேச்சர்ஸ் ஸ்போக்ஸ்மன் (தொகுப்பு: இராமச்சந்திர குகா, 2000)
- ஐ இன் த ஜங்கிள் (ஒளிப்படங்களும் கட்டுரைகளும், 2006)
- ஆஃப் பேர்ட்ஸ் அண்ட் பேர்ட்சாங் (2012)