இரு களங்களின் வீரர்

நுழையும்முன்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் அறுவடை முடிந்த வயல்களே இளைஞர்களின் விளையாட்டுத் திடல்களாகின்றன. அங்கே ஓடிவந்து பந்து வீசுவோருள் சிலர் வேறொரு விளையாட்டிலும் வல்லவராக விளங்குவர். இரண்டனுள் எதைக் கைக்கொள்வது, எதைக் கைவிடுவது என்னும் கேள்வி ஒருநாள் அவர்கள்முன் எழும். அக்கேள்வியை உலக அரங்கின் வாயிலில் எதிர்கொண்ட தமிழர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் வாய்ப்பும்

எம். ஜே. கோபாலன் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் பிறந்தார். பின்னர்ச் சென்னையின் திருவல்லிக்கேணி அவருக்குக் கிரிக்கெட்டின் தாய்வீடாயிற்று. சென்னையில் கிரிக்கெட் வளர உழைத்த ஆங்கிலேயரான சி. பி. ஜான்ஸ்டன் அவரது ஆற்றலைக் கண்டறிந்தார். பர்மா ஷெல் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைக்கவும் வழிசெய்தார். விளையாட்டு வருவாய் தராத அக்காலத்தில், நிலையான ஊதியம் இருந்தால்தான் ஒருவர் களத்தில் நிலைக்க முடியும்.

பொங்கல் காலத்தில் சேப்பாக்கத்தில் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதும் மாகாணப் போட்டி நடைபெறுவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. அதில் கோபாலன் இந்தியர் அணியிலும் ஜான்ஸ்டன் எதிரணியிலும் ஆடினர். கைதூக்கி விட்டவரையே எதிர்த்து ஆடும் பேறு கோபாலனுக்கு வாய்த்தது.

பந்துவீச்சு

வேகப்பந்து வீச்சு உடலை வருத்தும் கலை. 22 கெஜ நீளமுள்ள ஆடுகளத்தில் ஒவ்வொரு பந்துக்கும் ஓடிவந்து, முழு உடலின் விசையையும் தோள்வழியே பந்திற்குள் செலுத்த வேண்டும். சென்னையின் வெயிலிலும் புழுக்கத்திலும் இவ்வுழைப்பு இருமடங்காகும். கோபாலன் விரைவை மட்டும் நம்பியவர் அல்லர். புதிய பந்தைக் காற்றில் வளைத்தும், தரையில் பட்டபின் திசைமாற்றியும் மட்டையாளரைத் தடுமாறச் செய்தார்.

1934ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் போட்டியில் இந்திய அணியில் இடம்பெற்றார். 114 பந்துகள் வீசி, 39 ஓட்டங்கள் கொடுத்து ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். அடுத்த மாதமே சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் போட்டி நடைபெற்றது. தம் சொந்த ஊரில் நடந்த அப்போட்டியில் அவருக்கு இடமில்லை. முகமது நிசார், அமர் சிங் என்னும் இரு பெரும் வேகப்பந்து வீச்சாளர்கள் வாழ்ந்த காலம் அது. மற்றொருவர்க்கு அணியில் இடம் கிடைப்பது எளிதன்று.

தெரிந்து தெளிவோம்

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகளுக்கிடையே நடைபெற்றது. அத்தொடரின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் முடிந்து சென்னை அணி வென்றது.

தேர்வு

கோபாலன் வளைகோற்பந்து எனப்படும் ஹாக்கியிலும் சிறந்து விளங்கினார். 1935இல் தயான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்ற இந்திய அணியில் அவர் ஆடினார். அவ்வணி தான் ஆடிய 48 ஆட்டங்களிலும் வென்றது.

மறு ஆண்டு இரு பாதைகள் ஒரே நேரத்தில் திறந்தன. ஒன்று இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணி. மற்றொன்று பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் ஹாக்கி அணி. 1928, 1932 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் இந்தியா ஹாக்கியில் தங்கம் வென்றிருந்தது. எனினும் கோபாலன் கிரிக்கெட்டையே தேர்ந்தார். இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்ட் போட்டிகளுள் ஒன்றில்கூட அவர் களமிறக்கப்படவில்லை. 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இலண்டனின் ஓவல் திடலில் மூன்றாம் டெஸ்ட் போட்டி அவரின்றித் தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்னும் கணக்கில் வென்று தங்கம் பெற்றது.

தொடர்ந்த பணி

அத்தேர்வோடு அவரது விளையாட்டு வாழ்வு முடிந்துவிடவில்லை. சென்னை அணிக்காகப் பல்லாண்டுகள் ஆடினார். அதன் தலைவராகவும் விளங்கினார். முதல்தர ஆட்டங்களில் 194 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். அணியில் இடம் கிடைக்காமையின் வலியை அறிந்த அவரே, பிற்காலத்தில் இந்திய அணியின் தேர்வாளர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

அவரது கால் நூற்றாண்டு விளையாட்டுத் தொண்டைப் போற்றும் வகையில் 1952-53இல் கோபாலன் கோப்பை தொடங்கப்பட்டது. சென்னை அணியும் இலங்கை அணியும் அதற்காக மோதின. டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கை வீரர்களுக்கு அது நல்லதொரு பயிற்சிக்களமாயிற்று. தகுதி பெற்றபின், 1982இல் இலங்கை இந்திய மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட் போட்டியும் சேப்பாக்கத்திலேயே நடைபெற்றது.

2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் கோபாலன் சென்னையில் மறைந்தார். ஒரேயொரு டெஸ்ட் போட்டி, கழுத்தில் ஏறாத ஒலிம்பிக் பதக்கம் என்று அவர் வாழ்வைச் சுருக்கிவிடுதல் எளிது. ஆயினும் ஒரு வீரரின் பெருமை அவர் பெற்றவற்றால் மட்டும் அளக்கப்படுவதில்லை. எதிர்பார்த்தது கைகூடாதபோதும் எடுத்த பணியில் அவர் நிலைத்து நின்ற காலத்தாலும் அளக்கப்படுகிறது. அவ்வகையில் கோபாலன் நம் நினைவில் நிலைத்திருக்கத் தக்கவர்.